திறக்கணுமா மூடணுமான்னு வீட்ல சண்டை, நடுவுல கிட்னி மாத்துன அப்பா: ஒரு வாசகிக்கு பதில்

கேள்வி (2021 ஜூலையில வந்த நீண்ட லெட்டரோட சுருக்கம்): டாக்டர், நாங்க திருச்சி உறையூர். அப்பாவுக்கு 61 வயசு, ஆறு வருஷம் முன்னாடி கிட்னி டிரான்ஸ்பிளான்ட் பண்ணோம், அம்மாதான் கொடுத்தாங்க. அப்பாவுக்கு ரெண்டு டோஸ் கோவிஷீல்டு ஆச்சு, அம்மாவுக்கு ஒண்ணு. தம்பி கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறான், போன வருஷத்துல இருந்து தொழிலே இல்ல. இந்த ஜூலை 5-ம் தேதி கொரோனா லாக்டவுன்ல தளர்வு வந்ததுல இருந்து வீட்லயும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே சண்டை. மூணாவது அலை வரும்ங்கறாங்க, இன்னும் ரெண்டு மாசம் மூடியே வச்சா என்ன, டாஸ்மாக்கைத் திறந்துட்டு என்ன பாதுகாப்புன்னு நான் கேக்கறேன். வயசானவங்க, நோயாளிங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும், மத்தவங்க ஏன் பட்டினி கெடக்கணும்னு அவன் கேக்கறான். லண்டன்ல இருக்க சித்தி பொண்ணு வேற, 19-ம் தேதி அங்க எல்லாத்தையும் திறக்கறாங்க, நீங்கதான் பயந்து சாகறீங்கன்னு போடறா. தம்பி இன்னும் ஊசி போட்டுக்கல, நடிகர் விவேக் போனதுல இருந்து பயப்படறான். யார் சொல்றது சரி? அப்பாவை எப்படிக் காப்பாத்தறது?

பதில்: ரெண்டு கேள்வி கேட்ருக்கீங்கம்மா, யார் சரி, அப்பாவை எப்படிக் காப்பாத்தறதுன்னு. இது ரெண்டும் ஒரே கேள்வின்னு நெனச்சுக்கிட்டுதான் ஊரே அடிச்சுக்குது, டிவி விவாதத்துலயும் இதேதான். உங்க லெட்டரைப் படிச்சப்போ எனக்கு முதல்ல உறுத்துனது வேற. நீங்க அப்பாவை வச்சுப் பேசறீங்க, தம்பியும் அப்பாவை வச்சுப் பேசறாரு, லண்டன்ல இருந்து கூட கருத்து வந்துருச்சு, ஆனா அப்பா என்ன சொல்றாருன்னு அவ்ளோ பெரிய லெட்டர்ல ஒரு வரி இல்ல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல டாஸ்மாக் மேட்டரை முடிச்சுடலாம், ஏன்னா அந்தக் கோவம் நியாயம்தான். போன வருஷம் மே 7-ம் தேதி கடையைத் திறந்தப்போ அப்ப எதிர்க்கட்சியா இருந்த திமுக கூட்டணி கறுப்புச் சின்னத்தோட வீட்டு வாசல்ல நின்னாங்க, அடுத்த நாளே ஹைகோர்ட் மூடச் சொல்லுச்சு, அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட் ஸ்டே கொடுத்துத் திரும்பத் திறந்தாங்க. இந்த வருஷம் ஜூன் 14-ல 27 மாவட்டத்துல திறந்தப்போ போராடுனது பாஜக, நியாயம் பேசுனது திமுக. நாற்காலி மாறுனா வசனமும் மாறும், அதைப் பாத்து நீங்க பிபி ஏத்திக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். கோயில் கதவு பூட்டியிருக்கறப்போ சாராயக்கடை திறந்தா, கவர்மென்ட் சொல்ற மத்த ரூல்ஸையும் ஜனம் மதிக்காது, மாஸ்க் போடுன்னா போடாது. அந்த நஷ்டம் டாஸ்மாக் வரிசைல நிக்கறவனோட போகாது, உங்க அப்பா வரைக்கும் வரும்.

இப்ப தம்பி சொல்றது. அவரை சுயநலம்னு திட்டியிருக்கீங்க, அப்படித் திட்டக்கூடாது, ஏன்னா அதே வாதத்தைப் பெரிய படிப்பு படிச்சவங்களும் வச்சாங்க. 2020 அக்டோபர்ல அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் இருந்து மூணு பேராசிரியருங்க சேர்ந்து கிரேட் பேரிங்டன் பிரகடனம்னு ஒண்ணு வெளியிட்டாங்க, ஆபத்து கம்மியா இருக்கறவங்க சாதாரணமா வாழட்டும், ஆபத்து அதிகமா இருக்கறவங்களை மட்டும் குறிவச்சுப் பாதுகாப்போம்னு. அதுக்கும் முன்னாடியே, 2020 ஏப்ரல்லயே, வேலூர் சிஎம்சி-ல இருந்த தொற்றுநோயியல் நிபுணர் ஜெயப்பிரகாஷ் முளியில் கிட்டத்தட்ட இதே லைன்லதான் பேசுனாரு, இந்தியா மாதிரி ஏழை நாட்டால ரொம்ப நாள் மூடி வச்சுத் தாங்க முடியாது, இளவயசுக்காரங்களை விட்டுட்டு வயசானவங்களைப் பத்திரமாப் பாத்துக்கலாம்னு. அந்தப் பிரகடனத்தை எதிர்த்து ரெண்டு வாரம் கூட ஆகல, ஜான் ஸ்நோ மெமரண்டம்னு இன்னொரு விஞ்ஞானிங்க கூட்டம் லான்செட் மருத்துவ இதழ்ல எழுதுனாங்க, ஊரெல்லாம் பரவவிட்டுட்டு ஒரு பகுதி ஜனத்தை மட்டும் தனியாப் பிரிச்சு வைக்கறது நடக்கற காரியமே இல்லன்னு. ஆக உங்க வீட்டு ஹால்ல நடக்கற சண்டை உலகத்துல பெரிய பெரிய பல்கலைக்கழகம் எல்லாம் போட்ட சண்டைதான், தம்பிகிட்ட கொஞ்சம் மரியாதையாவே பேசலாம்.

ஆனா எனக்கு அந்த வாதம் ஒத்துவரல. காரணம் தத்துவம் எல்லாம் இல்ல, உங்க வீட்டோட பிளான்தான். நீங்களே எழுதியிருக்கீங்க, ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன், ஒரே பாத்ரூம், அதுல நீங்க, உங்க ஏழு வயசுப் பையன், அப்பா, அம்மா, தம்பி. இதுல உள்ள இருக்கறவங்க யாரு, வெளிய போறவங்க யாருன்னு கோடு எங்க போடறது? அம்மாவே ஒத்தைக் கிட்னிக்காரங்க. தம்பி மண்டபத்துல இருந்து வந்து குளிக்கற அதே பாத்ரூம்லதான் பத்து நிமிஷம் கழிச்சு அப்பா பல்லு வெளக்கறாரு. நம்ம ஊர்ல சுகர், பிபி, அறுபது தாண்டுன ஆளு, இதுல ஒண்ணு கூட இல்லாத வீடு காட்டுங்க பாப்போம். போன வருஷம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டை மே 5-ல மூடுனாங்களே, அதுக்குள்ள அங்க மூட்டை தூக்குன ஆளுங்க ஊருக்குத் திரும்பி அரியலூர், பெரம்பலூர், கடலூர்னு பக்கத்து மாவட்டமெல்லாம் கேஸ் ஏறுச்சு. அவங்க யாரும் கெழவங்க இல்ல, உழைக்கற வயசுக்காரங்கதான், திரும்புன வீட்லதான் அவங்க அப்பா அம்மா இருந்தாங்க.

அதைவிட எனக்கு எரிச்சலான விஷயம் ஒண்ணு இருக்கு. 2020 மே மாசத்துல இருந்து மத்திய உள்துறை போட்ட ஊரடங்கு உத்தரவுங்களைப் படிச்சுப் பாத்தீங்கன்னா ஒரு வரி வரும், 65 வயசுக்கு மேல இருக்கறவங்க, இணை நோய் இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, பத்து வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க, அவசியத் தேவைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வீட்டுலயே இருக்கணும்னு. அவ்ளோதான் பாதுகாப்பு. வீட்டுலயே இருந்தா மாத்திரை யாரு வாங்கித் தருவா, சம்பளம் யாரு கொடுப்பா, வெளிய போயிட்டு வர்ற மகன் எங்க தூங்குவான், இது எதுக்கும் பதில் கிடையாது. உங்க சித்தி பொண்ணு இருக்கற இங்கிலாந்துல போன வருஷம் முதல் லாக்டவுன்லயே 22 லட்சம் பேருக்கு மேல பேர் பேரா லிஸ்ட் எடுத்து, நீங்க ரிஸ்க்ல இருக்கீங்கன்னு லெட்டர் போட்டு, தேவைப்பட்டவங்களுக்கு வீட்டுக்கே சாப்பாட்டுப் பெட்டி அனுப்புனாங்க. அவ்ளோ பண்ணியும் முதல் அலையில முதியோர் இல்லங்கள்ல கொத்துக் கொத்தா செத்தாங்க, ஏன்னா அவங்களைக் குளிப்பாட்ட, சோறு ஊட்ட வெளிய இருந்து ஆளுங்க வந்து போய்தானே ஆகணும். லிஸ்ட் எடுத்த ஊர்லயே அந்த கதின்னா, ஒரு வரி உத்தரவை வச்சுக்கிட்டு நாம என்ன கிழிச்சோம்?

சரி, அப்போ நீங்க சொல்றதுதான் சரி, மூடியே வைக்கலாம்னு நான் சொல்வேன்னு எதிர்பாத்திருப்பீங்க. அதுவும் இல்ல. லாக்டவுன் கிட்னி பேஷன்ட்டைப் பாதுகாக்குதுன்னு வெளிய இருந்து பாக்கறவங்க நெனைக்கறாங்க, டயாலிசிஸ் யூனிட்குள்ள நின்னு பாத்தா அப்படித் தெரியாது. 2020 மார்ச் 25-ல நாலு மணி நேர நோட்டீஸ்ல நாட்டைப் பூட்டுனாங்கல்ல, அந்த முதல் வாரங்களைப் பத்தி இந்தியாவுல 19 பெரிய மருத்துவமனைங்க சேர்ந்து கணக்கெடுத்தாங்க, டயாலிசிஸ்ல இருந்தவங்கள்ல 28 சதவீதம் பேர் ஒரு தடவையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தாங்க, 4 சதவீதம் பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டிய விஷயம் அது. எங்க யூனிட்டுக்கு பெரம்பலூர் பக்கத்துல இருந்து ஒருத்தர் காய்கறி லோடு வண்டில ஏறி வந்தாரு, ரெண்டு காலும் யானைக்கால் மாதிரி வீங்கி, படுக்க முடியாம, வண்டில வெண்டைக்காய் மூட்டை மேல சாஞ்சு உக்காந்தே வந்திருக்காரு, கைல போலீஸுக்குக் காட்டறதுக்கு எங்க பழைய ஓபி சீட்டு, வேர்வைல நனைஞ்சு எழுத்தே அழிஞ்சு போயிருந்துச்சு. கோவிட் அவரைத் தொடவே இல்ல, ஆனா அன்னைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாயிருந்தா போயிருப்பாரு. டிரான்ஸ்பிளான்ட் பண்ணவங்கள்ல மாத்திரை தீர்ந்துபோய் நாளுக்கு ஒரு வேளையா குறைச்சுக்கிட்டவங்க இருந்தாங்க, எங்ககிட்ட கேக்கக்கூட இல்ல.

இதெல்லாம் சொல்றதால லாக்டவுனே தப்புன்னு தம்பி துள்ள வேண்டாம். மே 21-ம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 கேஸ். ஆக்சிஜன் பெட் இல்லாம ஆம்புலன்ஸ்லயே வச்சு மூச்சு கொடுத்துக்கிட்டிருந்த நேரம், அப்ப மூடாம இருந்திருந்தா கற்பனை பண்ணவே முடியல. லாக்டவுன் நேரம் வாங்கித் தரும், பெட் காலியாக, ஆக்சிஜன் வந்து சேர, ஊசி போட. வேற ஒண்ணும் தராது. இப்ப தினமும் மூவாயிரத்துக்கும் கீழ வந்தாச்சு, இந்த நேரத்துல இன்னும் ரெண்டு மாசம் பூட்டுனா கிடைக்கற லாபம் மே மாசத்துல கிடைச்சதுல ஒரு துளி, ஆனா பட்டினி அதே அளவுதான். ரேஷன் கார்டுக்கு ரெண்டு தவணையா 4,000 ரூபாய் கொடுத்தாங்க, நல்ல காரியம், ஆனா வாழை இலைக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு உக்காந்திருக்க சமையல் கான்ட்ராக்டருக்கும் அவரை நம்பி இருக்க பத்துப் பதினைஞ்சு மாஸ்டருங்களுக்கும் அது எத்தனை நாளைக்குக் காணும்? அதனால என் அபிப்ராயம், இந்த ஜூலை தளர்வு சரிதான். வாங்குன நேரத்தை வச்சு என்ன பண்ணோம்ங்கறதுலதான் எனக்குக் கோவம். கிட்னி மாத்துனவங்க, கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க, அவங்க வீட்ல இருக்க அத்தனை பேருக்கும் வீடு தேடிப்போய் முதல்ல ஊசி போட்டிருக்கணும். அதை விட்டுட்டு காலைல அஞ்சு மணிக்கு டோக்கனுக்கு வரிசைல நிக்க வைக்கறோம், ஒன்பது மணிக்கு ஸ்டாக் இல்லன்னு போர்டு மாட்றோம்.

சித்தி பொண்ணுக்கு ஒரு வரி பதில். அங்க 18 வயசு தாண்டுனவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு ரெண்டு டோஸும் போட்டாச்சு, இங்க பத்துல ஒருத்தருக்குக் கூட முடியல. அப்படி இருந்துமே இந்த மாசம் 7-ம் தேதி நூத்துக்கும் மேல விஞ்ஞானிங்க லான்செட்ல லெட்டர் எழுதி இது ஆபத்தான பரிசோதனைன்னு எதிர்த்திருக்காங்க. அதனால அங்கயும் எல்லாரும் கொண்டாடிக்கிட்டு இல்ல.

இனி உங்க அப்பா. அவருக்கு ரெண்டு டோஸ் ஆச்சுன்னு நிம்மதியா எழுதியிருக்கீங்க, அங்கதான் எனக்கு பயம். மாத்துன கிட்னியை உடம்பு வெளியாள்னு தாக்காம இருக்கத்தான் அவர் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டுன்னு சாப்பிடறாரு, அதே மாத்திரைங்க ஊசியோட வேலையையும் மட்டுப்படுத்தும். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல உறுப்பு மாத்துன 658 பேரைப் பாத்தாங்க, முதல் டோஸுக்கு அப்புறம் 15 சதவீதம் பேருக்குத்தான் வைரஸை எதிர்க்கற ஆன்டிபாடி வந்துச்சு, ரெண்டாவதுக்கு அப்புறமும் 54 சதவீதம்தான். அது ஃபைசர், மாடர்னா ஊசி, நம்ம ஊசி வேற, ஆனா அதைவிட பிரமாதமா இருக்கும்னு நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியல. பிரான்ஸ்ல இந்த மாதிரி பேஷன்ட்டுங்களுக்கு ஏப்ரல்லயே மூணாவது டோஸ் போடச் சொல்லிட்டாங்க, நம்ம ஊர்ல இந்த 2021 ஜூலை வரைக்கும் அனுமதி இல்ல, நீங்களா தெரிஞ்சவங்க மூலமா எதையும் போட்டுடாதீங்க. ஆக அவர் ஊசி போட்டவர்தான், ஆனா போடாதவர் மாதிரியே நடந்துக்கணும், இதை அப்பாகிட்ட நேரா சொல்லுங்க.

இதுல இருந்து வர்ற முடிவு ஒண்ணே ஒண்ணு, அப்பாவுக்கான ஊசியைத் தம்பி கையிலதான் போடணும். உங்க கையில, அம்மா கையில. வெளிய போயிட்டு வர்றவங்க உடம்புல தொத்தலேன்னா உள்ள இருக்கறவருக்கு வர வழி கம்மி. தம்பி ஊரைத் திறக்கச் சொல்றாருல்ல, சொல்லட்டும், ஆனா அவர் கேக்கற சுதந்திரத்துக்கு அவர் கட்ட வேண்டிய ஃபீஸ் இது. இத்தனை நாளா அந்த ஃபீஸை அப்பாவை வீட்டுக்குள்ள உக்கார வச்சுக் கட்டிக்கிட்டு இருக்காரு.

விவேக் சார் விஷயம். ஏப்ரல் 15-ல ஊசி, 17-ல சாவு, யாருக்கா இருந்தாலும் மனசு அப்படித்தான் முடிச்சுப் போடும், எங்க ஓபி-லயும் அந்த மாசம் ஊசி வேண்டாம்னு சொன்னவங்க எத்தனையோ பேர். ஆனா அவருக்கு இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக் குழாய்ல முழு அடைப்புன்னு ட்ரீட்மென்ட் கொடுத்த டாக்டருங்க சொன்னாங்க, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொன்னாங்க. அந்தக் குழாய்ல கொழுப்பு படியறதுக்கு வருஷக்கணக்கு ஆகும். தம்பிக்கு அப்படியும் பயம் போகலேன்னா திட்டாதீங்க, ஒரு இசிஜி எடுத்து, பிபி, சுகர் பாத்துட்டு, ஊசி போடற அன்னைக்கு நீங்க கூட போங்க. பயந்தவனை வாட்ஸ்அப் குரூப்ல கேலி பண்ணா ஊசி இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போகும், அவ்ளோதான் நடக்கும்.

டைமிங்கும் நல்லா அமைஞ்சிருக்கு. ஆடி பொறக்குது, முகூர்த்தம் கிடையாது, தம்பிக்கு எப்படியும் ஒரு மாசம் வேலை இருக்காது. கோவிஷீல்டுன்னா இந்த 2021 விதிப்படி ரெண்டு டோஸுக்கு நடுவுல 84 நாள், தீபாவளி நெருங்கிரும், டெல்டா வைரஸ்கிட்ட ஒரு டோஸ் மட்டும்னா 33 சதவீதம்தான் தாங்குதுன்னு இங்கிலாந்து கணக்கு, அது போதாது. கோவாக்சின் கிடைச்சா 28 நாள்ல ரெண்டும் முடிஞ்சுரும், இந்த வாரம் ஆரம்பிச்சா ஆவணி முகூர்த்தம் சூடு பிடிக்கறதுக்குள்ள உடம்பு தயாராயிடும். கோவாக்சின் தேடி ரொம்ப அலைய வேண்டி வந்தா விடுங்க, கைல கிடைக்கறதைப் போடுங்க. அம்மாவுக்கு ரெண்டாவது டோஸ் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க, நம்ம வீடுகள்ல அம்மாங்களோட தேதிதான் மறந்து போகும்.

வீட்டுக்குள்ள என்ன பண்றதுன்னா, பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவறேன்னு எழுதியிருக்கீங்க, அதை விட்ருங்க, அந்த நேரத்துல ஜன்னலைத் திறங்க. இது காத்துல பரவற நோய், மே 20-ம் தேதி மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆபீஸே சொல்லிருச்சு, நுண்துளி பத்து மீட்டர் வரைக்கும் போகும், ஜன்னலைத் திறந்து காத்தோட்டமா வைங்கன்னு. கொசுவுக்கு பயந்து ஆறு மணிக்கே சாத்திடுவீங்க, வலை அடிச்சுட்டுத் திறந்தே வைங்க. அந்த ஒரு ரூமை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துட்டு தம்பி ஹால்ல வாசக்கதவுப் பக்கம் படுக்கட்டும். ஒரு ஆர்டர் முடிச்சுட்டு வந்தா அடுத்த அஞ்சு நாள் வீட்டுக்குள்ள அப்பா இருக்கற பக்கம் மாஸ்க் போடட்டும், சாப்பாடு தனி நேரம், பாத்ரூம்ல அவர் போயிட்டு வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், அரை மணி நேரம் கழிச்சு அப்பா போகட்டும். தம்பிக்கு தொண்டை கரகரன்னா கூட அன்னைக்கே டெஸ்ட், பாசிட்டிவ்னா ஒரே பாத்ரூம் வீட்ல தனிமைப்படுத்தல்னு விளையாட வேண்டாம், கோவிட் கேர் சென்டருக்கோ ஃப்ரெண்டு வீட்டு மாடிக்கோ போயிடணும். எங்க போறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க, ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சலோட முடிவு பண்ண முடியாது.

இப்ப அந்த விட்டுப்போன விஷயம், அப்பாகிட்ட கேளுங்க. என்கிட்ட வர்ற டிரான்ஸ்பிளான்ட்காரங்ககிட்ட குடும்பத்தை வெளிய அனுப்பிட்டுப் பேசுனா, சாவைப் பத்தி அவ்ளோ பேசமாட்டாங்க, என்னால புள்ளைங்க வருமானம் போகுதுன்னுதான் பேசுவாங்க, இல்லன்னா காலைல நடக்கவாவது விடச் சொல்லுங்க டாக்டர்ம்பாங்க. உங்க அப்பாவை ஊசி போடப் போனதைத் தவிர நாலு மாசமா வாசப்படி தாண்ட விடலேன்னு எழுதியிருக்கீங்க. அது பாதுகாப்பு இல்லம்மா, ஜெயில். விடியக்காலைல கூட்டம் இல்லாத தெருவுல மாஸ்க்கோட அரை மணி நேரம் நடக்கறதுல வர்ற ஆபத்து, ஜன்னல் சாத்துன ஹால்ல தம்பியோட உக்காந்து சீரியல் பாக்கறதைவிட கம்மி. அவரும் வாட்ஸ்அப் குரூப்ல இருக்காருன்னா அவரைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கற மெசேஜ் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டுதான் இருப்பாரு, கொஞ்சம் யோசிங்க. ஆவணில உங்க மாமா பொண்ணு கல்யாணத்துக்குப் போகலாமான்னு கேட்டதுக்கு, அவர் ஆசைப்பட்டா என் பதில், போகலாம். அப்ப கேஸ் இதே மாதிரி கம்மியா இருந்தா வால்வு இல்லாத என்95 போட்டுக்கிட்டு தாலி கட்டற நேரத்துக்குப் போய், கதவோரமா உக்காந்து, அட்சதை போட்டுட்டு வந்துரணும், பந்தியில உக்காரக் கூடாது, மாஸ்க்கைக் கழட்டற இடம் அதுதான். சாப்பாடு தம்பி கட்டிக் கொண்டுவரட்டும், தொழில்காரர்தானே.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை கிட்னிக்கு விஷம். மெடிக்கல் ஷாப்ல கோவிட் கிட்டுன்னு கொடுக்கறதையும், எக்ஸ்ட்ரா ஸ்டீராய்டையும் தொடாதீங்க, கபசுரக் குடிநீர் நீங்க குடிங்க, அவருக்கு வேண்டாம், அவர் ரத்தத்துல இருக்கற மருந்து அளவை அது எப்படி ஆட்டும்னு சொல்ல முடியாது. கொரோனாவுக்கு பயந்து அவரா எதிர்ப்பு சக்தி மாத்திரைன்னு எதையாவது சேக்கறதோ, டிரான்ஸ்பிளான்ட் மாத்திரையைக் குறைக்கறதோ கூடவே கூடாது. குறைக்கணும்னா நாங்க குறைப்போம். ரத்தத்துல டாக்ரோலிமஸ் லெவலும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினினும் கடைசியா எப்ப பாத்தீங்கன்னு லெட்டர்ல இல்ல, நாலு மாசம் வாசப்படி தாண்டலேன்னா அதுவும் பாத்திருக்க மாட்டீங்க. இந்த வாரமே பாத்துடுங்க. காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுக்கணும், அதனால மாத்திரையைச் சட்டைப் பைல எடுத்துட்டுப் போய், ரத்தம் கொடுத்ததும் அங்கயே முழுங்கச் சொல்லுங்க.